ஈறுக்கு 'இம்போர்ட்டட் மெட்டீரியல்' வைக்கிறோம் என்றால் முதலில் ஸ்டிக்கரைக் கேளுங்கள்

ஈறு இறங்கி வேர் தெரிகிறது, கிராஃப்ட் சர்ஜரி (வேறு சதையையோ பொருளையோ வைத்துத் தைத்து வேரை மூடுவது) செய்யலாமா என்று யோசிப்பவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் மனைவிக்குக் கீழ் முன்பற்கள் இரண்டில் ஈறு இறங்கியிருந்தது. பச்சைத் தண்ணீர் பட்டாலே கூச்சம். சென்னையில் எங்கள் பகுதியிலேயே இருக்கும் ஒரு கிளினிக்குக்குப் போனோம். (விவகாரம் இன்னும் முடியவில்லை, பெயர் வேண்டாம்.) "மேல் அன்னத்துல இருந்து சதை எடுத்து வெச்சா ரெண்டு இடத்துல புண்ணாகும் சார், சாப்பிடவே கஷ்டம். நம்மகிட்ட இம்போர்ட்டட் கொலாஜன் இருக்கு. ஈறு பழைய இடத்துக்கே வந்துரும்" என்றார் டாக்டர். (கொலாஜன் என்பது தோலிலும் சதையிலும் இருக்கும் ஒரு புரதம்.) பல்லுக்கு 22,000 ரூபாய். அதில் பெரும்பகுதி மெட்டீரியல் விலையாம்.

அப்படிப்பட்ட பொருட்கள் இருப்பது உண்மைதான். செல்களை நீக்கிப் பதப்படுத்திய மனிதத் தோல் அலோடெர்ம் என்ற பெயரில் வருகிறது. ம்யூகோகிராஃப்ட் பன்றியின் கொலாஜன். அன்னத்தை வெட்டாமல் தப்பிக்கலாம் என்பதும் சரி. ஆனால் வேரை மூடுவதில் இன்றைக்கும் முதலிடம் நம் சொந்த அன்னத்துச் சதைக்குத்தான். அதை அவர் சொல்லவில்லை. பன்றி என்ற பேச்சும் வரவில்லை. என் மனைவி முட்டைகூடத் தொடாதவர். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார்.

தையல் பிரித்த புதிதில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சில மாதத்தில் ஈறு பழையபடி இறங்கிவிட்டது. போய்க் கேட்டால், அழுத்தித் தேய்க்கிறீர்கள் என்று பழி அவள்மேல். சரி, என்ன மெட்டீரியல் வைத்தீர்கள் என்றேன். பில்லில் 'கம் சர்ஜரி' என்று மட்டும் இருந்தது. இந்தப் பொருட்கள் கிருமி நீக்கிய பாக்கெட்டில் வரும். கம்பெனி பெயர், பேட்ச் எண், காலாவதி தேதி எல்லாம் அச்சிட்ட ஸ்டிக்கர் கூடவே இருக்கும். அதை உரித்து நோயாளியின் கேஸ் ஷீட்டில் ஒட்டி வைப்பார்கள். எங்கள் கேஸ் ஷீட்டில் ஒன்றுமே இல்லை.

நான் விடவில்லை என்றதும் கதை மாறியது. கொலாஜன் இல்லையாம், பி.ஆர்.எஃப். வைத்தார்களாம். அது நோயாளியின் கையிலிருந்து ரத்தம் எடுத்து, மெஷினில் சுழற்றி, அதிலிருந்து பிரிக்கும் ஃபைப்ரின் (ரத்தம் உறையும்போது உருவாகும் புரத நார்) படலம். என் மனைவிக்கு அன்று போட்ட ஊசி ஈறு மரத்துப்போகப் போட்டது மட்டும்தான். கையை யாரும் தொடவே இல்லை! எந்த ரத்தத்தில் செய்தீர்கள் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. ஆக, உள்ளே பன்றி போனதா, எதுவுமே போகவில்லையா என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

அரசு பல் மருத்துவக் கல்லூரியின் ஈறு நோய்ப் பிரிவில் காட்டினோம். கிளினிக்காரர்கள் எடுத்த அதே பழைய எக்ஸ்ரேயைப் பார்த்ததுமே அங்கிருந்த எம்.டி.எஸ். டாக்டர், பற்களுக்கு நடுவிலிருக்கும் எலும்பு அப்போதே கரைந்திருக்கிறது என்றார். ஈறு இறக்கத்தை ஆர்.டி. (ரிசெஷன் டைப், அதாவது இறக்கத்தின் வகை) 1, 2, 3 என்று பிரிக்கிறார்கள். கைரோ என்பவரின் குழு 2011-இல் கொண்டுவந்த முறை. முதல் வகையில் பற்களுக்கு நடுவே இழப்பு இருக்காது, வேர் முழுதாக மூட நல்ல வாய்ப்பு உண்டு. மூன்றாவதில், சொந்தச் சதையோ வெளிநாட்டுப் பொருளோ, முழுசாக மூடும் என்று எதிர்பார்க்கவே முடியாது. இவளுக்கு மூன்றாவது. போதாததற்குப் பற்களின் பின்புறம் காரை அப்படியே கிடந்தது. ஸ்கேலிங் செய்து ரத்தக் கசிவை நிறுத்தாமல் கத்தி வைத்ததே தப்பு என்றார்.

அதனால் எந்த வகை, எவ்வளவு மூடும், எந்தப் பொருள், எந்த உயிரிலிருந்து எடுத்தது என்பதை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். பாக்கெட்டை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லி, ஸ்டிக்கரை மொபைலில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பொருளின் பெயர் இல்லாத பில்லை வாங்காதீர்கள்.

இப்போது 10,000 ரூபாய் தருகிறோம், புகார் இல்லை என்று கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். மாட்டேன் என்றுவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் 2 ஆண்டுக்குள் போட வேண்டும். விவரம் கேட்க தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்யலாம்.