போரான் குடும்ப மாதிரிப் பேழை: தனிமங்கள் நன்று, விளக்க அட்டை போதாது

தனிம வரிசை அட்டவணையின் 13ஆம் தொகுதியான போரான் குடும்பத்தைக் கண்ணால் கண்டும் கையால் தொட்டும் படிப்பதற்கென விற்கப்படும் மாதிரிப் பேழை ஒன்றை வேதியியல் மாணவர்களுடன் பயன்படுத்திப் பார்த்தபின் இம்மதிப்புரையை எழுதுகிறேன். போரான், அலுமினியம், காலியம், இண்டியம் ஆகிய நான்கும் தனித்தனிக் கண்ணாடிக் குப்பிகளில் வருகின்றன. கொடிய நஞ்சான தாலியத்தைச் சேர்க்காமல் விட்டது பொறுப்பான முடிவு.

பேழையின் சிறப்பு காலியம்தான். இதன் உருகுநிலை 29.76 டிகிரி செல்சியஸ் மட்டுமே என்பதால், உள்ளங்கைச் சூட்டிலேயே உருகி வெள்ளியாய் மின்னும். 1871இல், தனிம வரிசை அட்டவணையை வகுத்த மெண்டலீவ் ‘ஏகா அலுமினியம்’ என்று முன்னறிவித்து, 1875இல் பிரெஞ்சு வேதியியலாளர் லெகாக் டி புவாபோத்ரான் நிறமாலையின் வழியே கண்டுபிடித்த தனிமம் இது என்பதைச் சொல்லிக் காட்டும்போது, மாணவர்களுக்கு அட்டவணையின் மீதே தனி மதிப்பு உண்டாகிறது. ஆனால் திண்மமாக உறையும்போது காலியம் ஏறத்தாழ 3 விழுக்காடு விரிவடையும். அதைக் கண்ணாடிக் குப்பியில் விளிம்பு வரை நிரப்பித் தருவது தவறு, நெகிழும் பிளாஸ்டிக் குப்பியே ஏற்றது. அலுமினியத்தின் மேல் பட்டால் காலியம் அதன் படிகத்துகள்களின் எல்லைகளுக்குள் ஊடுருவி, உறுதியான தகட்டையும் நொறுங்கச் செய்துவிடும். இவ்விரண்டையும் அருகருகே வைத்து விற்பவர்கள் எச்சரிக்கையாக ஒரு வரிகூட அச்சிடாததை ஏற்க முடியாது.

இண்டியத் துண்டு நகத்தால் கீறும் அளவுக்கு மென்மையானது. வளைத்தால் மெல்லிய கிறீச்சொலி எழும். போரானைப் பழுப்புத் தூளாகத் தந்திருக்கிறார்கள். படிகப் போரானின் கடினத்தன்மை இதில் தெரியாது என்றாலும், இக்குடும்பத்தில் அது மட்டும் உலோகப்போலி (உலோகத்துக்கும் அலோகத்துக்கும் இடைப்பட்ட தனிமம்) என்பது பார்த்தவுடன் விளங்குகிறது.

பெரிய குறை விளக்க அட்டையில் இருக்கிறது. தொகுதியில் மேலிருந்து கீழாகச் செல்லும்போது அணு ஆரம் கூடும், அயனியாக்கும் ஆற்றல் (அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானை நீக்கத் தேவையான ஆற்றல்) குறையும் என்று இரண்டு அம்புக்குறிகளை வரைந்து நிறுத்திவிட்டார்கள். உண்மையில் முதல் அயனியாக்கும் ஆற்றல் போரானுக்கு 800.6, அலுமினியத்துக்கு 577.5, காலியத்துக்கு 578.8, இண்டியத்துக்கு 558.3, தாலியத்துக்கு 589.4 கிலோஜூல்/மோல் என்று ஏறியும் இறங்கியும் செல்கிறது. காலியத்தில் இடையே வந்து சேரும் பத்து டி எலக்ட்ரான்கள் (உள்கூட்டின் டி துணைக்கூட்டில் இருப்பவை) அணுக்கருவின் கவர்ச்சியை வெளி எலக்ட்ரான்களிடமிருந்து சரிவர மறைப்பதில்லை. அதனால்தான் அதன் உலோக ஆரம் அலுமினியத்தின் 143 பிக்கோமீட்டரைவிடக் குறைந்து 135 ஆகிறது. இந்தக் குடும்பத்தைப் படிப்பதன் சுவையே இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. உருகுநிலையோ போரானின் 2076 டிகிரியிலிருந்து காலியம் வரை சரிந்து, இண்டியத்தில் 156.6 ஆகவும் தாலியத்தில் 304 ஆகவும் மீண்டும் உயர்கிறது. ஒற்றை அம்புக்குறிக்குள் அடங்கும் போக்கு அன்று இது.

ஆகவே காலியத்தை வேறு குப்பிக்கு மாற்றி, மேற்கண்ட எண்களைத் தாமே எழுதி வைத்துக்கொள்ளும் ஆசிரியருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். தனியாகப் படிக்கும் மாணவருக்கு இப்போதைய நிலையில் பரிந்துரைக்க மாட்டேன். மந்த இணை விளைவால், அதாவது வெளிக்கூட்டின் இரு எஸ் எலக்ட்ரான்கள் பிணைப்பில் எளிதில் பங்கேற்காததால், தாலியத்தில் +1 ஆக்சிஜனேற்ற நிலையே அதிக நிலைப்புத்தன்மை பெறுகிறது என்பதை, தாலியம் இல்லாத பேழையில் அட்டைதான் சொல்லியாக வேண்டும். அதிலோ தொகுதி முழுமைக்கும் +3 என்ற ஒரே எண்தான் அச்சாகியிருக்கிறது.