சமாரியப் பெண்ணா, பெரும்பாடுள்ள பெண்ணா: பெண்கள் வேதபாடக் குழு எதைப் படிக்கலாம்?

இயேசுவைச் சந்தித்த ஒரு பெண்ணைப் படிக்க விரும்பும் குழுக்கள் பெரும்பாலும் சமாரியப் பெண் வரும் யோவான் 4-க்கும், பெரும்பாடுள்ள (நீங்காத உதிரப்போக்குள்ள) பெண் வரும் மாற்கு 5-க்கும் இடையில் தயங்குகின்றன.

நேரம்: சமாரியப் பெண்ணின் பகுதி 42 வசனங்கள், இரண்டு கூடுகைகளாவது வேண்டும், பெரும்பாடுள்ள பெண்ணின் பகுதி 25 முதல் 34 வரை பத்தே வசனங்கள், ஒரே மாலையில் முடியும்.

பின்னணி: முன்னதற்கு யூதர், சமாரியர் பகையையும் சமாரியரின் கெரிசீம் மலை வழிபாட்டையும் விளக்க வேண்டும், பின்னதற்கு உதிரப்போக்குள்ளவளைத் தீட்டானவள் என்னும் லேவியராகமம் 15 போதும்.

கலந்துரையாடல்: சமாரியப் பெண் கேள்வி கேட்கிறாள், வாதிடுகிறாள், இறுதியில் குடத்தைக் கிணற்றடியிலேயே வைத்துவிட்டு ஊருக்குள் ஓடுகிறாள். ஆனால் அவளுக்கு ஐந்து புருஷர்கள் இருந்தார்கள் என்றதும் அவளை நடத்தை கெட்டவள் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்தத் திருமணங்கள் மரணத்தால் முடிந்தனவா, விவாகரத்தாலா என்று யோவான் சொல்லவில்லை. கைவிடப்பட்ட ஒரு சகோதரி குழுவில் அமர்ந்திருக்கும்போது, நடத்துகிறவர் இதைத் தெளிவாகச் சொல்லியே ஆக வேண்டும்.

மற்றவளோ கூட்டத்தில் பேசவே அஞ்சி, பின்னாலிருந்து வஸ்திரத்தைத் தொடுகிறாள். பன்னிரண்டு ஆண்டு உதிரப்போக்கு, வைத்தியர்களிடம் கரைந்த பணம். ஜெப ஆலயத் தலைவன் யவீருவின் வீட்டுக்கு விரைந்துகொண்டிருந்த இயேசு அவளுக்காக நின்று, "மகளே" என்கிறார். சுவிசேஷங்களில் அவர் தனியொரு பெண்ணை அப்படி அழைப்பது இங்கு மட்டுமே.

புதியவர்களும் நோயால் சோர்ந்தவர்களும் உள்ள குழுவுக்கு மாற்கு 5 பொருந்தும். ஓராண்டாவது சேர்ந்து படித்து, ஒருவரையொருவர் நம்பிப் பேசும் குழுவுக்கு யோவான் 4-ஐயே பரிந்துரைப்பேன்.