1,32,000 கிலோமீட்டர் ஓடிய டீசல் வண்டி: நடுவில் காணாமல் போன பிக்கப்

2015இல் வாங்கிய 1.3 லிட்டர் டீசல் ஹேட்ச்பேக், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ உள்ளது. முதல் லட்சம் கிலோமீட்டரைப் பற்றிச் சொல்ல பெரிதாக எதுவுமில்லை. நேரத்துக்கு ஆயில், இரண்டு செட் டயர், ஒரு பேட்டரி, அவ்வளவுதான் கேட்டது. எழுத வேண்டிய கதை, மிதித்ததும் இழுக்கும் பிக்கப் போன கதை, 1,18,000இல் ஆரம்பிக்கிறது.

சேலத்திலிருந்து தர்மபுரி போகிற வழியில் தொப்பூர் ஏற்றம். நாலு பேரோடு நாலாவது கியரிலேயே ஏறிவிடும் வண்டி, அன்றைக்கு மூன்றாவதுக்கு இறக்கியும் நகர மாட்டேன் என்றது. லாரியை முந்தலாம் என்று பாதி வெளியே வந்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்தும் இழுக்காமல், திரும்ப அதே லாரி வாலுக்கே வந்து ஒட்டிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கறுப்புப் புகை. "பின்னாடி வர்றவன் நல்லா திட்டப் போறான்" என்றாள் மனைவி. ஊருக்குள் ஓட்டினால் மட்டும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

முதலில் சர்வீஸ் சென்டர். ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் இரண்டையும் மாற்றினார்கள், இரண்டு நாள் நன்றாக இருப்பதாக மனசு நம்பியது. அப்புறம் வீட்டுப் பக்கத்து மெக்கானிக்கிடம் இஜிஆர் வால்வை (புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் வால்வு) கழற்றிச் சுத்தம் செய்தேன். ஒரு டீ கிளாஸ் நிறைய கரி வந்தது, ஐட்லிங் மெத்தென்று ஆனது, பிக்கப் அப்படியே. மூன்றாவதாகப் பார்த்தவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "புகை வருதுல்ல சார், டர்போ போயிடுச்சு. 38,000 ஆகும்" என்றார்.

அங்கேதான் கொஞ்சம் நின்று யோசித்தேன். டர்போவின் ஆயில் சீல் போயிருந்தால் புகை நீலமாக வரும், ஆயிலும் குறையும். எனக்கு வந்தது கறுப்பு, டிப்ஸ்டிக்கில் அளவு அசையவே இல்லை. கிளட்ச் ஸ்லிப்பாக இருந்தால் ஆர்பிஎம் மட்டும் குதிக்கும், வேகம் ஏறாது; என் வண்டியில் ஆர்பிஎம்மே சோம்பலாகத்தான் ஏறியது. பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதோ என்று பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தேன், எதுவும் சுடவில்லை. குறை 2,000 ஆர்பிஎம்முக்கு மேலே, அதாவது டர்போ தள்ள வேண்டிய இடத்தில் மட்டும்தான். இதை முதல் நாளே கவனித்திருக்க வேண்டும்.

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவாகும் கோளாறுகளைப் போனில் காட்டும் ப்ளூடூத் ஓபிடி கருவி ஒன்றை வாங்கி மாட்டினேன். டேஷ்போர்டில் செக் எஞ்சின் விளக்கு எரியாவிட்டாலும் உள்ளே பி0299 என்ற கோளாறுக் குறியீடு நிலுவையில் கிடந்தது. டர்போ அழுத்தம் போதவில்லை என்று அதற்குப் பொருள். பைபாஸில் மனைவி போனைப் பிடித்துக்கொள்ள, மூன்றாவது கியரில் 1,500இலிருந்து 3,000 வரை முழுசாக மிதித்தேன். இன்டேக் அழுத்தம், அதாவது எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம், 200 கிலோபாஸ்கலைத் தாண்ட வேண்டிய இடத்தில் 135க்கு மேல் ஏறவில்லை. சும்மா நிற்கும்போதே காற்றழுத்தம் நூறு இருக்குமே, அப்படியானால் டர்போ தருவது வெறும் 35. ஒன்று அழுத்தமே உருவாகவில்லை, இல்லை காற்று வழியில் எங்கோ ஒழுகுகிறது.

அந்த எண்ணோடு கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு பெரியவரின் ஷெட்டுக்குப் போனேன். "தம்பி, டர்போவ அப்புறம் பாக்கலாம், மொதல்ல பைப்பப் பாப்போம்" என்றார். டர்போவுக்குக் காற்று போகும் வாயில் ஒரு பிவிசி மூடி, அதில் டயர் வால்வு, கம்ப்ரெஸரிலிருந்து 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்று. ஹோஸ் எல்லாவற்றின் மேலும் சோப்புத் தண்ணீர். டர்போவின் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம், கிளாம்ப்பை ஒட்டி, மீன் வாய் திறப்பது மாதிரி ஒரு விரிசல் திறந்து நுரை தள்ளியது. காற்றை நிறுத்தியதும் மூடிக்கொண்டது. அரை இன்ச்தான். மேலிருந்து பார்த்தால் தெரியாது, விரலால் தடவினால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும். அழுத்தம் இல்லாதபோது விரிசல் மூடியே இருக்கும், ஐட்லிங்கில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காததன் காரணமும் அதுதான். புகைக்கும் இதே கதை: காற்றை அளக்கும் சென்ஸார் டர்போவுக்கு முன்னால் இருக்கிறது, அது அளந்த காற்றுக்கு ஏற்ப டீசல் போகிறது, ஆனால் காற்று பாதியில் வெளியேறிவிடுகிறது. கொஞ்ச நாளாகவே மிதிக்கும்போது "உஸ்ஸ்" என்று ஒரு சத்தம் வந்தது, ஏசி என்று விட்டுவிட்டேன், என் தப்பு.

புது ஹோஸ், இரண்டு கிளாம்ப், கூலி எல்லாம் சேர்த்து 2,600 ரூபாய். அதே பைபாஸில், அதே கியரில் இன்டேக் அழுத்தம் 215 காட்டியது. 17க்கு இறங்கியிருந்த மைலேஜ் 21க்கு மேலே வந்தது. இப்போது 14,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது, டர்போ வண்டியோடு வந்த அதே டர்போதான். கிளட்ச் மட்டும் கொஞ்சம் கனமாகிக்கொண்டு வருகிறது, அதற்கு இந்த வருஷம் செலவு இருக்கிறது.

பழைய ஹோஸைக் கேட்டேன், பெரியவர் தரவில்லை. பிக்கப் இல்லை என்று வருகிறவர்களுக்கு மடக்கிக் காட்ட, ஷெட்டில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார்.