புளூபெரியா, நாவலா? பெரியம்மாவுக்கு எந்தப் பழம்?

கனடாவிலிருந்து அக்கா அனுப்பிய பார்சலில் இந்த முறை சொக்லேட் இல்லை. ஒரு டின் புளூபெரித் தூள். "பெரியம்மாவுக்குக் கரைச்சுக் குடு, மறதிக்கு நல்லதாம்" என்று வொய்ஸ் மெசேஜ் வேறு. அதே கிழமை நாவற்குடாப் பக்கம் போனேன். ரோட்டோரத்தில் சாக்கு விரித்து நாவற்பழம் குவித்திருந்த ஓர் அம்மா, "ரெண்டு சுண்டு வாங்கிட்டுப் போங்க மனே, சீனி வருத்தத்துக்கு நல்லம்" என்றார். டின்னையும் சுண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் இந்த அலசல் தொடங்கியது.

புளூபெரியின் பேர் சும்மா வந்ததல்ல. 1999-இல் பாஸ்டனில் ஜேம்ஸ் ஜோசப் குழுவினர் கிழட்டு எலிகளுக்குப் புளூபெரி கலந்த தீனி போட்டார்கள்; அவற்றின் நினைவும் நடையும் தேறின. 2012-இல் வெளிவந்த அமெரிக்கத் தாதியர் ஆய்வு மனிதர்களைப் பற்றியது. எழுபது வயது தாண்டிய 16,000-க்கும் அதிகமான பெண்களில், வாரத்துக்கு ஒரு தடவையாவது புளூபெரி, இரண்டு தடவையாவது ஸ்ட்ரோபெரி சாப்பிட்டவர்களுக்கு மூளைத் தளர்ச்சி இரண்டரை வருடம் வரை பிந்தியே தெரிந்ததாம். ஆனால் பெரி வாங்கித் தின்னக்கூடியவர் பெரும்பாலும் வசதியும் படிப்பும் உள்ளவர். ஆய்வாளர்கள் அதைக் கணக்கில் கழித்தாலும் முழுதாகக் கழிபடாது.

சரி, சோதித்தே பார்த்தால்? மூளைக்கென்று வகுத்த மைண்ட் உணவுமுறையில் தனியாகப் பெயர் சொல்லி இடம் கொடுத்த ஒரே பழம் பெரி வகைதான். அந்த உணவுமுறையை 604 பேரிடம் மூன்று வருடம் சோதித்து 2023-இல் முடிவைச் சொன்னார்கள். வழக்கமான சாப்பாட்டையே கொஞ்சம் குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. அக்காவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. தூள் என்பதற்காகவும் ஒதுக்க முடியாது. மனிதர்களிடம் நடந்த சின்னச் சோதனைகள் பலவற்றில் உறையவைத்து உலர்த்திய தூளைத்தான் கொடுத்தார்கள்.

நாவலுக்கு வருவோம். நாக்கை ஊதாவாக்குகிற அந்தச் சாயத்தின் பெயர் அந்தோசயனின். டெல்பினிடின், பெட்டுனிடின், மால்விடின் என்று நாவலில் உள்ள மூன்றும் புளூபெரியிலும் உண்டு. நிறத்தில் இரண்டும் ஒரே குடும்பம். ஆனால் நாவலை வைத்து நடந்தவை பெரும்பாலும் எலி வேலையும் சோதனைக்குழாய் வேலையும்தான். நம்மூர்ப் பழத்தைப் பத்து வருடம் தின்ற ஆட்களை வரிசையாக வைத்து எண்ணுவதற்கு யார் காசு போடுவார்? காசு போட்டால் என்ன ஆகும் என்பதற்கு மாதுளையே சாட்சி. கலிபோர்னியாவில் ஒரு வருடம் தினமும் ஒரு கோப்பை மாதுளைச் சாறு குடித்தவர்களுக்குப் படங்களை நினைவில் வைக்கும் திறன் தளரவில்லை என்று 2020-இல் ஓர் ஆய்வு சொன்னது. செலவைக் கொடுத்தது மாதுளைச் சாறு விற்கிற கம்பனி. பொய் என்று சொல்லவில்லை. கொஞ்சம் உப்புப் போட்டுச் சாப்பிடலாம், நாவலைப் போல.

நெல்லியிலும் காத்தான்குடி வீதி நடுவே காய்க்கிற பேரீச்சையிலும் இந்த விஷயத்தில் நடந்தவை பெரும்பாலும் எலி வேலைதான்.

மறுபக்கம் ஒரு பழம் இருக்கிறது. அதைப் பற்றி எங்கள் பக்கம் யாரும் பேசுவதில்லை. முள் அன்னமுன்னா, அதாவது முள் சீத்தா. புற்றுநோய்க்கு நல்லது என்று இலையை அவித்துக் குடிக்கிறவர்களை எனக்கே தெரியும். கரீபியனில் குவாதலூப் என்ற தீவில் பார்க்கின்சன் போன்ற ஒரு நடுக்க நோய் வழக்கத்துக்கு மாறாக அதிகம் என்றும், வழக்கமான பார்க்கின்சன் மருந்து அந்த நோயாளிகளுக்குச் சரியாகப் பிடிக்கவில்லை என்றும், அவர்கள் இந்தப் பழத்தையும் இலைக் கசாயத்தையும் நிறைய எடுத்தவர்கள் என்றும் 1999-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். அதிலுள்ள அனோனசின் என்ற பொருள் உயிரணு சக்தி எடுக்கிற இடத்தையே அடைக்கிறது. எலியின் இரத்த நாளத்தில் ஏற்றியபோது மூளை சேதமானது. பழம்தான் காரணம் என்று தீர்ப்பு எழுதிவிடவில்லை. எப்போதாவது ஒரு கோப்பை ஜூஸ் குடிப்பவர் பதற வேண்டியதுமில்லை. ஆனால் நடுக்கமோ மறதியோ தொடங்கிய வீட்டில் தினமும் அந்தக் கசாயம் வேண்டாம். கூடவே இன்னொன்று: சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் காமரங்காய் (ஸ்டார் ஃப்ரூட்) கூடாது. விக்கலில் தொடங்கி வலிப்பு வரை கொண்டுபோகும்.

அப்போ எது? பெரியம்மாவுக்குச் சீனி வருத்தமும் உண்டு. லான்செட் இதழின் குழு 2024-இல், சரிசெய்தால் டிமென்சியா என்ற மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடிய 14 ஆபத்துக் காரணிகளைப் பட்டியலிட்டது. பழம் அதில் இல்லை. சீனி வருத்தம், பிரசர், காது கேளாமை எல்லாம் இருக்கின்றன. அதனால் பழம் எதுவானாலும் சாறாக்காமல் கடித்துத் தின்னக் கொடுக்கிறோம். கச்சான் காற்று அடிக்கிற காலம் முழுக்க நாவல். விலையிலும் புதுசிலும் அதுதான் முதலிடம். நாவல் முடிந்ததும் கொய்யா. அக்காவின் தூளை எருமைத் தயிரில் சீனி போடாமல் கலக்குகிறோம். பெரியம்மா அதை இரண்டு கரண்டி தின்றுவிட்டு, "இது என்னடி, நாவலா?" என்று கேட்கிறார்.