டி12ஆ, எஃப்39ஆ? கரும்புத் தோட்ட ஓரத்திலிருந்து ஒரு கணக்கு

மாடல் ராக்கெட் விடுகிற இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் மோட்டாரில்தான் போய் நிற்கும். ஒருமுறை எரித்துத் தூக்கிப் போடுகிற கருமருந்து மோட்டாரா, அலுமினியக் கேஸுக்குள் திரும்பத் திரும்ப மருந்து மாற்றிப் போடுகிற காம்போசிட் (ரப்பர் போன்ற பிசினில் ரசாயனப் பொடி கலந்த மருந்து) ரீலோடா? ஜோஹானஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் அக்கா மகன் ரீலோடு கட்சி. “மாமா, நீங்க இன்னும் தீபாவளி வாணத்திலேயே நிக்கிறீங்க” என்று ஃபோனில் சீண்டுவான். நான் கருமருந்துக் கட்சி. டர்பனுக்கு வடக்கே கரும்பை ஒட்டி ராக்கெட் விடுகிற யாருக்கும் அதையேதான் சொல்வேன்.

உயரம் மட்டும்தான் கணக்கு என்றால் விவாதமே தேவையில்லை, காம்போசிட் ஜெயித்தாயிற்று. 2004இல் அமெரிக்காவின் பிளாக் ராக் பாலைவனத்திலிருந்து ‘கோஃபாஸ்ட்’ 116 கிலோமீட்டர் போனதும், 2024 அக்டோபரில் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவர்களின் ‘ஆஃப்டர்ஷாக் 2’ 143 கிலோமீட்டர் போனதும் அமோனியம் பெர்க்ளோரேட் கலந்த காம்போசிட்டில்தான். நம் ஊர்ப் பெருமையும் கருமருந்து அல்ல. குவாசூலு-நாட்டால் பல்கலைக்கழகத்தின் ‘ஃபீனிக்ஸ்’ 2021 மார்ச்சில் ஓவர்பெர்க் தளத்திலிருந்து 17.9 கிலோமீட்டர் ஏறியது. அது மெழுகையும் நைட்ரஸ் ஆக்சைடையும் சேர்த்து எரிக்கிற ஹைப்ரிட். அதெல்லாம் பல்கலைக்கழக ஆய்வகங்களின் வேலை. நாம் பேசுவது சனிக்கிழமை காலையில் கார் டிக்கியில் ஏற்றிப் போகிற ராக்கெட்டைப் பற்றி.

சரியான ஒப்பீட்டுக்கு ஒரே ஓட்டையில் போகும் இரண்டு மோட்டார்கள் வேண்டும். எஸ்டெஸ் கம்பெனியின் கருமருந்து மோட்டார் டி12: விட்டம் 24 மில்லிமீட்டர், நீளம் 70. ஏரோடெக் கம்பெனியின் 24/40 ரீலோடு கேஸும் அச்சாக அதே அளவு, அதில் போடுகிற காம்போசிட் மருந்துகளில் ஒன்று எஃப்39. டி12க்காகக் கட்டிய ராக்கெட்டில் ஒன்றையும் மாற்றாமல் எஃப்39ஐச் சொருகலாம். பெயரில் உள்ள எழுத்து மோட்டாரின் பலத்தைச் சொல்லும், டி, ஈ, எஃப் என்று ஏறும். டி12 தருவது ஏறக்குறைய 17 நியூட்டன்-செகண்ட் உந்தம், எஃப்39 தருவது 50. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆனால் உயரம் மூன்று மடங்கு ஏறாது. வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பும் கூடி உந்தத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடும். என்னுடைய 41 மில்லிமீட்டர் ராக்கெட்டில் ஆல்டிமீட்டர் (உயரம் அளக்கும் கருவி) டி12க்குச் சுமார் 240 மீட்டர் காட்டியது. மருமகன் கேஸைக் கொண்டுவந்து எஃப்39 போட்டபோது 570ஐ ஒட்டி. இரண்டரை மடங்குகூட இல்லை. அவன் ஊரில் இதே ராக்கெட் இன்னும் ஏறும். ஜோஹானஸ்பர்க் கடல்மட்டத்துக்குச் சுமார் 1,750 மீட்டர் மேலே இருக்கிறது, காற்றின் அடர்த்தி நம் கடற்கரையைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. அவன் பீற்றிக்கொள்வதில் பாதி அந்த மேட்டு நிலத்துக்குச் சேர வேண்டியது.

இனி எனக்கு முடிவைத் தீர்த்துவைத்த விஷயம்: போன ராக்கெட் திரும்பி வராவிட்டால் கையை விட்டுப் போவது என்ன?

பாராசூட்டில் ராக்கெட் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கடற்கரையில் மணிக்கு 18 கிலோமீட்டர் காற்று ஒன்றும் பெரிதில்லை. அதுவும் நொடிக்கு 5 மீட்டர்தான். ஆக எவ்வளவு உயரம் போனதோ அவ்வளவு தூரம் தள்ளிப்போய் விழும். 240 மீட்டர் என்றால் வெட்டி முடித்த வயலுக்குள்ளேயே விழ நல்ல வாய்ப்பு உண்டு. 570 என்றால் அடுத்த வயல், அதற்கும் அடுத்தது. அங்கே கரும்பு வெட்டாமல் நின்றால் கதை முடிந்தது. ஆளைப்போல இரண்டு மடங்கு வளர்ந்த கரும்புக்குள் பத்தடி போனால் வந்த திசையே மறந்துவிடும், தோகை முகத்தைக் கிழிக்கும், கீழே எலியைத் தேடி வரும் பாம்புகள். ஆரஞ்சு பாராசூட் மேலே தோகையில் மாட்டியிருந்தாலும் உள்ளே நிற்பவன் கண்ணில் படாது.

டி12 போட்ட ராக்கெட் அங்கே போனால் அட்டைக் குழாயும் பால்சாத் துடுப்பும் போயிற்று, மோட்டார் எப்படியும் எரிந்து முடிந்த காகிதம். எஃப்39 போட்டது போனால் கேஸும் அதன் இரண்டு மூடிகளும் சேர்ந்தே போயின. ரீலோடு மலிவு என்று சொல்வதெல்லாம் அந்தக் கேஸ் பல தடவை திரும்பி வரும் என்ற நம்பிக்கையில்தான். ஒரு கேஸ் தொலைந்தால் அதுவரை மிச்சம் பிடித்தது அத்தனையும் அதோடு போச்சு. விற்றாலும் கேஸுக்கு விலை உண்டு என்பது மருமகனின் இன்னொரு வாதம். உண்மைதான், கையில் இருந்தால்! தாழ்வாக வந்தபிறகு பாராசூட்டை விரிக்கிற ஜாலி லாஜிக் கருவியை மாட்டுங்கள் என்கிறான். நல்ல சாமான், தள்ளிப்போவது நிச்சயம் குறையும். ஆனால் கரும்புக்குள் போனால் அதையும் சேர்த்தல்லவா தொலைப்பேன்?

திரும்பி வந்தாலும் கேஸ் வேலை வைக்கும். பின்மூடியைக் கழற்றினால் உள்ளே கரிக்குழம்பு. எரிந்த லைனர் குழாயைத் தள்ளி எடுத்து, மரையில் ஒட்டிய கரியைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, வினிகர் கலந்த நீரில் ஊறவைத்துத் துடைக்க வேண்டும். அன்றே செய்தால் சுலபம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டால் கரி இறுகிவிடும். அடுத்த தடவைக்கு ஓ-ரிங் ஒவ்வொன்றுக்கும் கிரீஸ் தடவி, பாராசூட் எப்போது வெளிவர வேண்டும் என்று நேரம் வைக்கும் தாமதக் குச்சியைப் பொருத்தி, பாராசூட்டைத் தள்ளும் கருமருந்தை முன்மூடிக் குழியில் கொட்டி வாயை ஒட்டி மூட வேண்டும். மின்சாரத்தில் தீப்பற்ற வைக்கும் இக்னைட்டரும் மருந்தின் உச்சிவரை போய்த் தொட வேண்டும், பாதியில் நின்றால் புஸ்ஸென்று புகைந்து அடங்கும். டி12க்குக் களிமண் நாசிலில் (நெருப்பு பீறிடும் வாய்) இக்னைட்டரை வைத்துப் பிளாஸ்டிக் குமிழால் அழுத்தினால் தீர்ந்தது. உயரம் போதாது என்றால் டி12-0க்கு மேல் டி12-7ஐ வைத்துச் செல்லோடேப் ஒரு சுற்று (கடைசி எண், எரிந்து முடிந்தபின் எத்தனை நொடி தாமதம் என்பது; 0 என்றால் தாமதமே இல்லை). கீழ் மோட்டார் எரிந்து முடிகிறபோது மேலே பீறிடும் நெருப்பே மேல் மோட்டாரைப் பற்றவைக்கும். காம்போசிட்டில் இதற்கு எலக்ட்ரானிக்ஸ் வேண்டும்.

கருமருந்துக்கும் ஒரு பெருங்குறை உண்டு, மறைக்கவில்லை. வெயிலும் குளிரும் மாறி மாறிப் பட்டால் அழுத்தி வைத்த மருந்தில் விரிசல் விடும், அல்லது மருந்துக்கும் காகிதக் குழாய்க்கும் நடுவே இடைவெளி விழும். தீ அந்த வழியே பாய்ந்தால் மோட்டார் ஏவுகம்பியிலேயே வெடிக்கும். ஜனவரியில் டர்பனில் பூட்டிய காருக்குள் மோட்டாரை விடவே கூடாது. நான் வீட்டின் உள்ளறை அலமாரியில் வைக்கிறேன், வயலுக்கு ஐஸ் போடாத கூலர் பெட்டியில் கொண்டுபோகிறேன். டி12 எனக்குத் தொல்லை கொடுத்ததில்லை. நீளமான ஈ ரகங்களை நான் அதிகம் எரித்ததில்லை, அதனால் அவற்றுக்கு உத்தரவாதம் தரமாட்டேன்.

இடம் பற்றி ஒரு வார்த்தை. டோங்காட், வெருலம் பக்கம் வயல் நிறைய இருந்தாலும் லா மெர்சியில் 2010இலிருந்து கிங் ஷாகா விமான நிலையம். 240 மீட்டருக்கும் அங்கே நினைப்பே வேண்டாம். குவாடுகூசாவைத் தாண்டி உள்ளே போய், தோட்டக்காரரிடம் கேட்டு, வெட்டு முடிந்த வயலாகப் பார்த்து விடுங்கள். காய்ந்த தோகை கிடந்தால் எந்த மோட்டாரானாலும் தண்ணீர்ப் பம்பு பக்கத்தில் இருக்கட்டும்.

லெனேசியாவில் என் வீடு இருந்தால் நானும் கேஸ் வாங்கியிருப்பேன். குளிர்காலத்தில் அங்கே புல் கட்டையாகக் கிடக்கும், விழுந்தது தூரத்திலிருந்தே தெரியும். கடற்கரையில் இருந்துகொண்டே எஃப் வேண்டும் என்பவர்களுக்கு ஒருமுறை எரிக்கிற காம்போசிட் மோட்டாரும் வருகிறது. ஒவ்வொரு தடவைக்கும் செலவு அதிகம், ஆனால் தொலைக்கக் கேஸ் இல்லை. அதில் என் அனுபவம் மிகக் குறைவு. கிடைத்தால் அடுத்த வெட்டுக்குப் பிறகு ஒன்று போட்டுப் பார்க்க எண்ணம்.