லைற்றிங் வகுப்பு எண்டு காசு கட்டப் போறவை ஒருக்கா இதை வாசியுங்கோ

போன மாதம் நல்லூர்ப் பக்கம் ஒரு மண்டபத்தில நடந்த போர்ட்ரெயிட் லைற்றிங் (ஆக்களைப் படமெடுக்க வெளிச்சம் வைக்கிற) வகுப்புக்கு 15,000 ரூபாய் கட்டிப் போனனான். "20 பேர் மட்டும், எல்லாரும் சொந்தக் கமராவில எடுத்துப் பழகலாம்" எண்டு விளம்பரத்தில போட்டிருந்தவை. உள்ள போனால் எண்பது கதிரை. லைற் ஒண்டே ஒண்டு.

மத்தியானம் வரைக்கும் படிப்பிக்க வந்தவர் தான் எடுத்த கலியாணப் படங்களை ஓட்டிக் காட்டினார். நான் எழும்பிக் கேட்டன்: "அண்ணை, சாமத்திய வீட்டில பிள்ளை பட்டும் நகையுமா நிக்குது. பக்கத்தில கறுத்த அம்மம்மா. பிள்ளைக்கு அளவாப் பிளாஷ் அடிச்சால் அம்மம்மான்ர முகம் இருண்டுபோகுது. லைற்றை எங்க வைக்கிறது?"

"எடிற்றிங்கில தூக்கலாம் தம்பி" எண்டார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் போனதே. லைற்றைப் பின்னுக்கு எடுத்து அம்மம்மா பக்கம் கொஞ்சம் திருப்பினாலே பாதிப் பிரச்சினை தீரும் எண்டு பிறகு நானாத்தான் எடுத்துப் பார்த்துக் கண்டுபிடிச்சன்.

பிறகு ஒரு படம் எடுத்துக் காட்டினார். ஒரு கரையில கறுப்புப் பட்டை. சட்டர் வேகம் 1/500 செக்கனில நிண்டது. எங்கட கனக்கக் கமராக்களில 1/200, 1/250 தாண்டினால் பிளாஷ் அடிக்கிற நேரம் சட்டரின்ர இரண்டாம் திரை மூடத் தொடங்கியிருக்கும். ஹை ஸ்பீட் சிங்க் (வேகமான சட்டருக்கும் பிளாஷை ஒத்துப்போக வைக்கிற முறை) போடாட்டி பட்டை விழும். அவர் "பற்றறி இறங்கிட்டுது" எண்டார். எனக்குப் பக்கத்தில இருந்த பொடியன் அதைக் கொப்பியில எழுதினான். தங்கச்சியின்ர சங்கிலியை அடகு வைச்சுக் காசு கட்டினவன். எனக்கு வயிறு பத்தி எரிஞ்சது.

பின்னேரம் முழுக்க லைற் வியாபாரம், "இண்டைக்கு மட்டும் இந்த விலை" எண்டு. கடைசியில ஒரு சேர்ட்டிபிக்கற். வந்த ஆக்களில ஒருத்தர்கூட ஒரு தரமும் சட்டரை அமத்தேல்ல.

அந்தப் பொடியன் போன ஞாயிறு எங்கட வீட்டை வந்தவன். ஒரு பிளாஷ், ஒரு வெள்ளைக் குடை. 45 பாகை பக்கத்தில, தலைக்கு மேல உயர்த்திப் பிடிச்சம். லைற் இல்லாத பக்கத்துக் கண்ணுக்குக் கீழ முக்கோணமா வெளிச்சம் விழுந்தது. ஒரு மீற்றரில இருந்த லைற்றை இரண்டு மீற்றருக்குத் தள்ள, வெளிச்சம் கால்வாசியாப் போனதையும் தன்ர கமராவிலயே பார்த்தான். இவ்வளவுக்கும் ஒரு மணித்தியாலம்தான் போனது.

காசைத் திருப்பிக் கேட்டால் ரசீது காட்டட்டாம். ஒருத்தருக்கும் ரசீது தரேல்ல.

அடுத்தது கிளிநொச்சியிலயாம், அதே "20 பேர் மட்டும்". கட்ட முதல் எத்தினை லைற், என்ர கமராவில ட்ரிகர் (கமராவில இருந்து பிளாஷை அடிக்க வைக்கிற கருவி) போட்டுத் தருவியளோ எண்டு கேட்டு எழுத்தில மறுமொழி வாங்குங்கோ. ஏற்கனவே கட்டினவை இருந்தால் எனக்கு எழுதுங்கோ, எல்லாருமாச் சேர்ந்து கேப்பம்.