வைட்டமின் டி குறைவா? வெயிலா, மாத்திரையா?

வெயில் செலவில்லாதது, அளவும் மீறாது, மிஞ்சியதைத் தோலே சிதைத்துவிடும். ஆனால் காலை 7 மணி இளவெயிலில் நடப்பதால் பெரிய பயன் இல்லை. தோலில் வைட்டமின் டி உருவாகத் தேவையான புற ஊதா பி கதிர் உச்சிவேளையை ஒட்டித்தான் நன்றாகக் கிடைக்கும், கண்ணாடி ஜன்னலைத் தாண்டி அது வராது, அப்புறம் நம்மைப் போல மாநிறமோ கறுப்போ என்றால் இன்னும் கூடுதல் நேரம் நிற்க வேண்டும். ஆபீஸ் வேலையில் இருப்பவருக்கு இது நடக்கிற காரியமா?

ரத்தப் பரிசோதனையில் குறைபாடு உறுதியானவர்களுக்கு நான் மாத்திரை பக்கம்தான். வாரம் ஒன்று, 60,000 யூனிட், பெரும்பாலும் 8 வாரம். உடல் பருமன் இருந்தால் இந்த வைட்டமின் கொழுப்பில் தங்கிவிடும், டோஸ் கூடலாம். டாக்டரைக் கேட்காமல் மாதக்கணக்கில் விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் கெடலாம், தயவுசெய்து வேண்டாம்.

சர்க்கரை நோயைத் தடுக்கும் என்று நம்பி மட்டும் வாங்காதீர்கள். டி குறைந்தவர்களிடம் சர்க்கரை அதிகம் காணப்படுவது உண்மைதான், ஆனால் அமெரிக்காவில் சர்க்கரையின் விளிம்பில் இருந்த 2,423 பேரில் பாதிப் பேருக்குத் தினமும் 4,000 யூனிட் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019இல் வந்தது, தெளிவான பலன் தெரியவில்லை. அவர்களில் பெரும்பாலோருக்கு டி ஏற்கனவே போதுமான அளவு இருந்தது, அதனால் கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்கு அந்த முடிவு அப்படியே பொருந்தாது.